வேகாத பருப்பும் 20 பரோட்டாவும்: ஏற்காட்டுச் சாரணர் முகாம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இரவு 9:15 மணி. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டிய திடல். டிசம்பர் கடைசி வாரம். நான்கு அடுப்புகளில் மூன்று அணைந்துவிட்டன. நான்காவதில் துவரம் பருப்பு கொதிக்கிறது. கொதிக்கிறதே தவிர வேகவில்லை. அடுப்பைச் சுற்றி மயில் அணிப் பையன்கள் ஆறு பேர். அவர்களில் சின்னவன், ஆறாம் வகுப்பு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறான். கரண்டியோடு நிற்கும் அணித் தலைவனுக்கு வயது 14.

நான் அந்தப் படையின் துணைச் சாரண ஆசிரியர். பள்ளியில் கணக்கு வாத்தியார். வேன் டிரைவரை எழுப்பி, கடைத்தெருவுக்குப் போய், 20 பரோட்டாவும் ஒரு தூக்கு சால்னாவும் வாங்கி வந்தேன். நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு தூங்கப் போனேன். காலையில் அணித் தலைவன் தன் அணிக்கொடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "சார், நீங்கதான் இருக்கீங்கல்ல. நீங்களே பாத்துக்குங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சில்லறை திருப்பித் தருகிறவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னான். அதுதான் சுருக்கென்று தைத்தது.

சிறுவர் தலைமை என்றால் என்ன, அதில் பெரியவர்களுக்கு என்ன வேலை என்று பயிற்சி வகுப்புகளில் நிறையக் கேட்டிருக்கிறேன், நானே பேசியும் இருக்கிறேன். அதெல்லாம் அந்தக் காலையில்தான் எனக்கு உறைத்தது. பள்ளியின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது. வளரும் பையன்கள், நாளைக்கு இதைப் படித்துக் கூச்சப்படக் கூடாது.

படையும் பையன்களும்

சேலம் நகரத்துக்குள்ளேயே இருக்கும் பள்ளி. படையில் 28 பேர். ஏழேழு பேராக மயில், புலி, கழுகு, யானை என்று நான்கு அணிகள். முகாமுக்கு வந்தது 24 பேர், அணிக்கு ஆறு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கடை வைத்திருப்பவரின் மகனும், அதே மாதிரிக் கடைகளுக்குக் கொலுசு செய்துதரும் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்ப்பவரின் மகனும் ஒரே அணியில் இருக்கிறார்கள். இதில் இரண்டாமவன்தான் மயில் அணித் தலைவன். அதிகம் பேசமாட்டான், ஆனால் கைவேலையில் கெட்டி. மற்றவர்கள் மூன்று முறை போட்டு அவிழ்க்கும் முடிச்சை ஒரே தடவையில் போட்டுவிட்டு, அடுத்தவன் முடிக்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

பையன்கள் புழக்கத்தில் அணித் தலைவன் என்றால் 'பி.எல்.'. 'பெட்ரோல் லீடர்' என்பதன் சுருக்கம். ஒவ்வொரு ஜூனிலும் ஆறாம் வகுப்பில் யாராவது ஒருவன், அந்த அண்ணா பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறாரா என்று கேட்பான். படைக்கு அது வருடாந்திரச் சிரிப்பு. கேட்கும் பையன் அவரை 'அண்ணா' என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். எங்களை 'சார்' என்கிறான், பி.எல்.லை 'அண்ணா' என்கிறான். சார் சொன்னால் செய்தாக வேண்டும். அண்ணா சொன்னால் செய்யத் தோன்ற வேண்டும். சாரணர் இயக்கத்தின் அணிமுறை முழுக்க அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஓடுகிறது.

ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பேர் என்று வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். தெருவில் தானாகச் சேர்ந்து விளையாடும் கூட்டத்தின் அளவு அது. யார் சொன்னால் யார் கேட்பான் என்பது அங்கே யாரும் அறிவிக்காமலே தெரியும். 28 பேரை ஒரு பையனால் மேய்க்க முடியாது, ஏழு பேரை முடியும். தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் முற்றுகையின்போது, 1899-1900இல், செய்தி கொண்டுபோன சிறுவர் படைக்குத் தலைவனாக இருந்தவனுக்கு 13 வயது. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் அவர் நடத்திய முதல் முகாமில் 20 பையன்கள்தான். பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களையும் உழைக்கும் வீட்டுப் பையன்களையும் கலந்து நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனைத் தலைவனாக்கினார். நம் ஊரில் கதை வேறு மாதிரி போனது. 1909இல் பெங்களூரில் தொடங்கிய சாரணர் படைகளில் இந்தியச் சிறுவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் 1916இல் அன்னி பெசன்ட், அருண்டேலோடு சேர்ந்து சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சங்கமே ஆரம்பித்தார். பல பிரிவுகளாகக் கிடந்தவை 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கமாக ஒன்றாயின. அடுத்த ஆண்டு சாரணியரும் சேர்ந்தார்கள். பெரியவர்கள் எவ்வளவோ பெயர்களை மாற்றினார்கள். ஏழு பேருக்கு ஓர் அண்ணன் என்ற ஏற்பாட்டை மட்டும் யாரும் மாற்றவில்லை.

நான்கு அணித் தலைவர்களும் படைத் தலைவனும் சேர்ந்து உட்காரும் சபைக்கு 'கோர்ட் ஆஃப் ஹானர்' என்று பெயர். எங்கள் பையன்களுக்கு அது வெறும் 'கோர்ட்'. முகாம் திட்டம், படைப்பணம், ஒழுங்குப் பிரச்சினை எல்லாம் அங்கேதான் முடிவாகும். சாரண ஆசிரியர் ஆலோசனை சொல்லலாம், வாக்கு கிடையாது. எங்கள் படைத் தலைவன் பதினொன்றாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்தபிறகு திரும்பி வந்த ஒரே ஆள் அவன்தான்.

இந்த ஆய்வின் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்தால் பையனை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். சாரணர்களுக்கான மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா, போதும், இனி டியூஷன். அதனால் எங்கள் அணித் தலைவர்கள் எல்லாரும் ஒன்பதாம் வகுப்பு. ஒரு வருடம் தலைவன், அடுத்த வருடம் ஆளே இல்லை. மூத்தவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சங்கிலி ஒவ்வொரு ஏப்ரலிலும் அறுகிறது. போன வருடம் என்ன பிசகியது என்பது பையன்களில் யாருக்கும் நினைவிருக்காது, எங்களுக்கு மட்டும்தான் இருக்கும். நினைவு யாரிடம் இருக்கிறதோ அதிகாரமும் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெரியவர்கள் ஆதிக்கம் செய்ய ஆசைப்பட வேண்டியதே இல்லை, அது தானாக மடியில் வந்து விழும்.

நடக்காமல் போன வெள்ளிக்கிழமைகள்

எங்கள் சாரண ஆசிரியர் தமிழய்யா. 20 வருடத்துக்கு மேல் படை நடத்துகிறவர். வெள்ளிக்கிழமை மாலை 4:30க்கு அவர் நான்கு பி.எல்.களையும் படைத் தலைவனையும் மட்டும் வரச்சொல்வார். அந்த ஐந்து பேரும் ஓர் அணி, அதற்கு அவர் தலைவர். அடுப்பு மூட்டுவது, கூடாரத்துக்கு நீர் வடிய வாய்க்கால் வெட்டுவது, காயத்துக்குக் கட்டுப்போடுவது, திசைகாட்டி பார்ப்பது, எல்லாவற்றையும் அவர்கள் முதலில் தாங்களே செய்து கெடுத்துப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை அவர்கள் தங்கள் அணிக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அய்யா மைதானத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுத் தாள் திருத்திக்கொண்டிருப்பார். புதிதாக வந்த தலைமையாசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "சார் உக்காந்தே இருக்காரே" என்று என்னிடம் குறைப்பட்டதும் உண்டு. அவர் அப்படி உட்கார முடிந்ததே வெள்ளிக்கிழமை உழைப்பினால்தான்.

அந்த வருடம் நவம்பரிலிருந்து வெள்ளிக்கிழமைகள் நின்றுபோயின. ஒரு வாரம் மழை. ஒரு வாரம் வேறொரு விழாவுக்கு வரிசையில் நிற்கப் பையன்களை அனுப்பச் சொன்னார்கள். பிறகு அரையாண்டுத் தேர்வு. முகாமுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய சமையல் ஒத்திகை நடக்கவே இல்லை. உணவுப் பட்டியலை மட்டும் கோர்ட்டில் வைத்தார்கள். யானை அணி ரவை உப்புமா. புலி எலுமிச்சைச் சாதம். கழுகு தக்காளிச் சாதம். மயில் அணி சோறு, சாம்பார், அப்பளம். நானும் அய்யாவும் அந்தப் பட்டியலைப் பார்த்தோம். "நல்லாருக்குடா" என்று சொன்னது நான்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளில் வேன் ஏறி முடிக்கும்போது தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை 95 டிகிரிக்கு இறங்கியிருக்கும். வீட்டில் குக்கரில் நாலு விசிலில் மசியும் பருப்பு, மலைமேல் ஊறவைக்காமல் திறந்த பாத்திரத்தில் போட்டால் லேசில் மசியாது. அதற்கும் மேலே, மயில் அணியின் உதவித் தலைவன் அவசரத்தில் புளிக்கரைசலைப் பருப்போடு சேர்த்தே ஊற்றிவிட்டான். புளி ஊற்றிய பருப்பு வேகாது என்பது எந்த வீட்டு அம்மாவுக்கும் தெரியும், 13 வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. விறகு வேறு மழைக்காலத்து ஈரம் காயாத சில்வர் ஓக் கிளைகள்.

கணக்கு வாத்தியாரான நான் அந்த 95 டிகிரியைப் பட்டியல் பார்த்தபோதே யோசித்திருக்கலாம். "ஏண்டா, அங்க பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பதில்கூடச் சொல்ல வேண்டியதில்லை, அவன் வீட்டில் போய் அம்மாவைக் கேட்டிருப்பான்.

அன்று இரவு

ஏழு மணிக்கே யானை அணியின் உப்புமா தயார். அடி தீய்ந்து கறுத்துப்போயிருந்தது. "காப்பி வாசம் அடிக்குதுல்ல" என்று சொல்லிக்கொண்டே தின்று முடித்தார்கள். புலியும் கழுகும் எட்டு மணிக்கு முடித்தன. ஒவ்வோர் அணியின் அடுப்பும் மற்றதிலிருந்து 30, 40 அடி தள்ளி இருந்ததால், மயில் அணியின் அவதி மற்றவர்களுக்கு எட்டரை மணிவரை தெரியவில்லை. பெரியவர்கள் நாங்கள் மூன்று பேர். அய்யா, நான், கல்லூரியில் படிக்கும் பழைய மாணவன் ஒருவன். எங்கள் அடுப்பு தனி.

ஒன்பதேகாலுக்கு அழுகைச் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். பழைய மாணவன், "சார், ஒரு நிமிஷம் பொறுங்க" என்றான். பொறுக்கவில்லை. குழந்தை அழும்போது என்ன தத்துவம் வேண்டிக்கிடக்கிறது என்றுதான் தோன்றியது. அணித் தலைவனிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது பிற்பாடுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நேராக அவன் அணியைப் பார்த்து, "யாரும் கவலப்படாதீங்க, சார் போயி பரோட்டா வாங்கிட்டு வரேன்" என்று அறிவித்துவிட்டு வேனில் ஏறினேன்.

வந்தபோது ஒரே கொண்டாட்டம். மற்ற அணிகளிலிருந்தும் இரண்டு பேர் எட்டிப்பார்த்தார்கள். தலைவன் மட்டும், "பசிக்கலீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களைக் கழுவப் போனான். பத்து மணிக்குப் பருப்பு ஒருவழியாக மசிந்திருந்தது. அதை அவன் குழியில் கொட்டி மண் போட்டு மூடினான்.

கோர்ட்

கொடியை அவன் என்னிடம் கொடுத்ததும் நான் அய்யாவிடம் ஓடினேன். அவர் கொடியை வாங்கவில்லை. "இது என்கிட்ட வர்ற சமாச்சாரம் இல்லீங்க சார்" என்று படைத் தலைவனைக் கைகாட்டினார். அன்று மதியம் சாப்பாட்டுக்குப்பின் கோர்ட் கூடியது. சிவந்த காப்பிப் பழத்தைப் பெண்கள் கூடைகளில் பறித்துக்கொண்டிருந்த சரிவுக்குப் பக்கத்தில், ஒரு தார்ப்பாயில் ஐந்து பையன்கள். அய்யா ஓரமாக. என்னைக் கூப்பிட்டார்கள். ஆசிரியரை விசாரிப்பதா என்று ஒரு கணம் சுருக்கென்றது, மறைப்பானேன். ஆனால் விசாரிப்பு எதுவும் இல்லை. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னான் படைத் தலைவன். அவ்வளவுதான்.

நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு பேச்சு: தலைவனின் மரியாதை போய்விட்டது. வந்ததோ வேறு. முதலில் வாயைத் திறந்தது யானை அணியின் பி.எல். "சார், எங்க உப்புமா தீஞ்சுபோச்சு. நாங்க அதையேதான் தின்னோம். எங்களுக்கு ஏன் பரோட்டா வாங்கலீங்க?" என்னிடம் பதில் இல்லை. அவர்கள் அழவில்லை, அதனால் வாங்கவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் அடுத்த முகாமில் நான்கு அணியும் அழும். கழுகு அணித் தலைவன் சிரித்துக்கொண்டே அதையே சொன்னான்.

அடுத்து மயில் அணித் தலைவன். தரையைப் பார்த்தபடி பேசினான். "சோறு ஆயிருச்சுங்க சார். பருப்புத் தண்ணிய இறுத்து ரசம் வெச்சரலாம், ஊறுகா இருக்குதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க வேனக் கௌப்பிட்டீங்க."

ரசம். சோறு அங்கே ஆறிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. அவனுடைய நெருக்கடியை அவன் தீர்த்துமுடித்துவிட்டான். நான் தீர்க்க ஓடியது தீர்ந்துபோன பிரச்சினையை.

மூன்றாவது அடி அன்று மாலை அணிக்கூட்டத்தில் விழுந்தது. அழுத பையனிடம் அவன் பி.எல். விசாரித்திருக்கிறான். அழுகை பசியினால் இல்லை. காட்டெருமை இறங்கும் என்று கழுகு அணியில் யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஏற்காட்டில் இப்போது காட்டெருமைகள் தோட்டங்களுக்குள் வருவது நிஜம்தான், அதனால் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கப் பரோட்டா எந்த வகையில் உதவும் என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

கோர்ட் எடுத்த முடிவுகளைப் பதிவேட்டில் படைத் தலைவனே எழுதினான். அடுத்த முகாமிலிருந்து ஒவ்வோர் அணியும் ஒரு 'அவசர மூட்டை' கொண்டுவர வேண்டும்: அவல், வெல்லம், வாழைப்பழம், நெருப்பே வேண்டாத சாப்பாடு. வெளியிலிருந்து எதை வாங்குவதானாலும் சார் முதலில் அந்த அணியின் பி.எல்.லிடம் கேட்க வேண்டும். மயில் அணித் தலைவனின் விலகலை ஏற்பதா வேண்டாமா என்பதை அவன் அணியே சொல்லட்டும். தண்ணீர், தீ, சாலை, காட்டு விலங்கு, உடம்புக்கு முடியாமை ஆகியவற்றில் மட்டும் பெரியவர்கள் கேட்காமலே நிறுத்தலாம்.

இந்தக் கடைசி வரியை எழுதவைத்தவர் அய்யா. பையன்கள் சாலையையும் விலங்கையும் சொன்னார்கள், மற்றவற்றை அவர் சேர்த்தார். இரவில் கூடாரங்களைப் பெரியவர்கள் சுற்றிப் பார்க்கக் கூடாது என்று புலி அணி கேட்டபோது, "அது முடியாது" என்று ஒரே சொல்லில் முடித்தார். ஏன் என்பதையும் சொன்னார். உங்க அப்பா அம்மா கையெழுத்துப் போட்டு என்னை நம்பி அனுப்பியிருக்காங்க, அந்தக் கையெழுத்து உங்களுக்கு இல்ல, எனக்கு. ஆனால் சுற்றும்போது இரண்டு பேராகத்தான் வருவோம், தனியாக ஒருவர் வரமாட்டோம் என்பதையும் பதிவேட்டில் எழுதச் சொன்னார்.

மயில் அணி அன்று இரவு அவனையே மறுபடி தலைவனாக வைத்துக்கொண்டது. ஏகமனதாக இல்லை. வெள்ளிக்கடைக்காரர் மகன், "உதவித் தலைவன்தான புளிய ஊத்துனான், அவன மாத்துங்க" என்று நெடுநேரம் வாதாடியிருக்கிறான்.

கிளியூர் அருவியில் ஓட்டெடுப்பு இல்லை

இதே முகாமின் மூன்றாம் நாள் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். கிளியூர் அருவிப் பக்கம் நடைப்பயணம். மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது, தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, பாறையெல்லாம் பாசி. நான்கு பி.எல்.களும் கூடிப் பேசி, கீழே தேங்கும் இடம்வரை இறங்குவதென்று தீர்மானித்துவிட்டார்கள். முறைப்படி எடுத்த முடிவு, எதிர்ப்பே இல்லை. அய்யா கையைக் காட்டி நிறுத்தினார். "இல்ல. திரும்புங்க."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒருவன் என் காதில் விழும்படி, "நேத்து கோர்ட்டுன்னாங்க, இன்னிக்கு ஆர்டராம்" என்றான். விளக்கத்தை அய்யா அங்கே சொல்லவில்லை. பாசிப்பாறையில் நின்றுகொண்டு வாதம் செய்யக் கூடாதாம். வேன் ஏறுமுன் உட்காரவைத்துச் சொன்னார். அதைக் கேட்டும் பாதிப் பேருக்கு மனம் ஆறவில்லை. ஆறாவிட்டால் ஆறாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பெரியவர் ஒதுங்கி நிற்பதுதான் சிறுவர் தலைமை என்று நினைப்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். வழுக்குப் பாறையில் தவறினால் அதைத் திருத்த இன்னொரு நாள் கிடைக்காது. சாம்பார் பிசகினால் ராத்திரி ரசம் உண்டு, காலையில் இட்லி உண்டு. திருத்த முடிகிற தவறா, முடியாத தவறா என்று மட்டும் பார்த்தால் பெரும்பாலும் போதும். நான் திருத்த முடிகிற தவற்றில் விழுந்தடித்து ஓடினேன்.

பிசகு எங்கே

குழந்தைகளின் பங்கேற்புக்கு ஓர் ஏணியை 1992இல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் ராஜர் ஹார்ட் வரைந்து காட்டினார். எட்டுப் படிகள். கீழ் மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்கிறார்: குழந்தைகளைக் கருவியாக்குவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்கு உட்காரவைப்பது. இரண்டாம் படியை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஸ்கார்ஃப் கட்டி, வெயிலில் இரண்டு மணி நேரம், சிறப்பு விருந்தினர் வரும்வரை. நவம்பரில் எங்கள் வெள்ளிக்கிழமையைத் தின்றது அந்தப் படிதான். ஆனால் எனக்குப் பிடித்தது உச்சிப்படி. அங்கே பிள்ளைகள் தனியாக இல்லை. அவர்களே தொடங்கி, முடிவைப் பெரியவர்களோடு பகிர்ந்துகொள்ளும் படி அது. பிள்ளைகள் தாங்களே தொடங்கித் தாங்களே நடத்துவதை ஹார்ட் அதற்கு ஒரு படி கீழே வைத்தார்.

கற்றலுக்குத் துணைநிற்பதைச் சாரம் கட்டுவதோடு ஒப்பிடுவது கல்வி உளவியலில் 1976 முதல் வழக்கத்தில் இருக்கிறது. சேலத்தில் கட்டடம் எழும்பாத தெரு இல்லை, கொத்தனாரைப் பார்த்தாலே விளங்கும். சுவர் எழும்புவதற்கு முன்பு சாரம் கட்டுவார், காய்ந்தபின் பிரிப்பார். நாங்கள் செய்தது தலைகீழ். ஒத்திகை இல்லை, கேள்வி இல்லை, வெள்ளிக்கிழமை இல்லை, சுவர் தானாக எழும்பட்டும் என்று விட்டோம். சுவர் லேசாகச் சாய்ந்ததும் ஓடிப்போய் முட்டுக்கொடுத்தோம். கேட்க வேண்டிய நேரத்தில் மௌனம், மௌனமாக இருக்க வேண்டிய நேரத்தில் பரோட்டா.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊருக்கு வந்தபின் ஒரு தாய் நேரில் வந்து கேட்டார். "பதினோரு வயசுப் புள்ளைய ராத்திரி ஒன்பதரை வரைக்கும் பட்டினி போட்டாத்தான் உங்க தலைமைப் பண்பு வருமா சார்?" நியாயமான கேள்வி. ஒத்திகை நடத்தாமல் பையனைத் தோற்கவிடுவது பயிற்சி ஆகாது. அவன் தோல்வியில் கற்றுக்கொண்டான் என்று நாம் சொல்லிக்கொள்வதில் நம் சோம்பேறித்தனத்துக்கும் பங்குண்டு. அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில், தப்பு அன்று இரவு நடக்கவில்லை, பத்து நாளைக்கு முன்னால் நடந்தது என்பதுதான். அவருக்கு அது திருப்தியாக இருந்ததாகத் தெரியவில்லை.

சரி, அந்த 9:15க்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? தலைவனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், "இப்ப என்னடா பண்ணலாம்னு இருக்க?" என்று கேட்டிருக்கலாம். ரசம் என்று சொல்லியிருப்பான். சொல்லத் தெரியாமல் விழித்திருந்தால், என்னென்ன இருக்கிறது என்று அவனை எண்ணச் சொல்லலாம். அதற்கும் மேல் பரோட்டாதான் வழி என்றால், காசை அவன் கையில் கொடுத்து வேனில் கூட ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். பரோட்டா அதேதான். ஆனால் வாங்கி வந்தது அண்ணாவாக இருந்திருக்கும்.

அய்யாவிடம் ஒருநாள் கேட்டேன், அன்றைக்கு நீங்கள் ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று. தாள் திருத்துவதை நிறுத்தாமலே சொன்னார்: "உங்களுக்கும் அதே சட்டந்தானுங்களே சார்." பிறகு பேனாவை மூடிவிட்டு, வெள்ளிக்கிழமைகளை விட்டது தன் தப்பு என்றார். அவர் தன் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அடுத்த டிசம்பர்

மயில் அணித் தலைவன் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டான், முகாமுக்கு வரவில்லை. ஆனால் அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய இரண்டு வெள்ளிக்கிழமைகளில் வந்தான். டியூஷனுக்குப் போகும் வழியில் முக்கால் மணி நேரம், சைக்கிளை நிறுத்திவிட்டு. புது பி.எல்.களுக்குத் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைத்துக் காட்டினான். பருப்பை மதியமே ஊறவைக்கச் சொன்னான். விறகைப் பிளந்து உள்பக்கத்து உலர்ந்த சிராயை எடுப்பது எப்படி என்று காட்டினான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அய்யா கூப்பிட்டிருப்பாரோ என்று கேட்டேன், இல்லை என்றார். அதிலிருந்து, பத்தாம் வகுப்புப் பையன்களை முகாமுக்கு அனுப்பாவிட்டால் போகிறது, வருடத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை மட்டும் அனுப்புங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்க ஆரம்பித்திருக்கிறோம். சிலர் அனுப்புகிறார்கள்.

மலைமேல் அந்த முறையும் அதே திடல். நான்கு அவசர மூட்டைகளும் வந்தன. யானை அணியின் மூட்டை முதல் நாள் மத்தியானமே, வேன் 12ஆவது வளைவு தாண்டுவதற்குள், காலியாகிவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. பரோட்டாக் கடை இருக்கும் பக்கம் பார்க்கவும் இல்லை.

அன்றைய பதிவேட்டில் மயில் அணியின் புதுத் தலைவன், போன வருடம் புளியை ஊற்றிய அதே உதவித் தலைவன், கோணல் எழுத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பருப்பு 1 மணி 10 நிமிடம். புளி கடைசியில். அப்பளம் நமுத்துவிட்டது. யானை அணி உப்புமா மறுபடியும் தீய்ந்தது. அவர்களுக்குக் கொஞ்சம் சாம்பார் கொடுத்தோம்."